ஆடு தின்னா அழிப்பா?

நீங்க சன்னல் பக்கமே இருங்க தம்பி, நான் இப்பிடி ஓரத்துல உக்காந்துக்கறேன். எனக்குச் சூரக்குண்டு விலக்குல எறங்கணும். அதுக்கு இன்னும் நேரம் கெடக்கு. இந்த வண்டிக்காரன் உருட்டிக்கிட்டுத்தான் போவான்.

நீங்க படிச்ச புள்ளையாத் தெரியுது. மடியில பொஸ்தகம் வேற வச்சிருக்கீக. ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கப்படாது. ஆடு ஒரு செடியத் திங்குது. அது அழிப்பா? நான் அருவா எடுக்கல. கோடாலி எடுக்கல. மிசினு கொண்டாந்து விடல, தீ வைக்கல, மருந்து தெளிக்கல. ஆடு தின்னுச்சு. ஆடுன்னா பசிக்கும், பசிச்சாத் திங்கும். அதுக்குப் போயி காட்ட அழிச்சுட்டான்னு ஒருத்தனப் புடிச்சுக்கிட்டுப் போறதா?

சிரிக்கிறீக. சிரிங்க. நான் கேக்காத ஆளு இல்ல. டீக்கடையில கேட்டேன், வக்கீல் குமாஸ்தாகிட்டக் கேட்டேன், இதே வண்டியில வந்த ஒரு வாத்தியாருகிட்டக் கேட்டேன். ஆளுக்கொண்ணு சொல்றாக. ஏம் பொண்டாட்டிகிட்ட மட்டுந்தான் கேக்க முடியல. அவ எங்கூடப் பேசுறதில்ல.

எம் பேரு கூரிச்சாமி. கிடை ஆட்டுக்காரன். கிடைன்னா தெரியுமோ என்னமோ. அறுப்பு முடிஞ்ச வயல்ல ஆட்டையெல்லாம் ராவுக்கு மொத்தமா அடைச்சுப் போடுவோம். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு ஒரம். விடிஞ்சா மேச்சலுக்குப் பத்திக்கிட்டுப் போயிருவோம். வயக்காரவுக நெல்லுக் குடுப்பாக. அந்த வயலு முடிஞ்சா அடுத்த வயலு, அந்த ஊரு முடிஞ்சா அடுத்த ஊரு. நானும் ஏம் பொண்டாட்டி சேதுராக்கும் இப்பிடியே கெழவங்கெழவி ஆயிட்டோம். புள்ளைகுட்டி கெடையாது. இருந்தா ஒரு எடத்துல குந்தியிருப்போமோ என்னமோ. ஆடுதான் எல்லாம்.

சொன்னா நம்ப மாட்டீக, அவ ஒவ்வொரு ஆட்டுக்கும் பேரு வச்சிருந்தா. கருப்பி, செவல, நெத்திச்சுட்டி, கொம்பொடிஞ்சவ, சின்னம்மான்னு. சின்னம்மான்னு ஒரு ஆடு தம்பி. அவ சின்னம்மா மாதிரியே அதுக்கும் எப்பப் பாரு மொணமொணப்பு.

குட்டிகள மேச்சலுக்குப் பத்துறதில்ல. காலுல வலு இருக்காதுல்ல. அதுகளுக்குக் கொடாப்பு இருக்கு. பெரிய கூடையக் கவுத்துப் போட்ட மாதிரி பனநாருல பின்னுனது. காலையில குட்டிகள உள்ள விட்டு மூடி, மேல கல்ல வச்சிட்டுப் போயிருவோம். நாயி, நரி அண்டாது. சாயங்காலம் தாயிக வந்ததும் கொடாப்பத் தூக்கிவிட்டா, அம்புட்டு ஆட்டுக்குள்ளயும் அதது அதது தாயத் தேடிப் போயி முட்டும். சேதுராக்கு வேலையெல்லாம் போட்டுட்டு அத ஒக்காந்து பாப்பா. தெனமும் பாக்குறதுதான, இதுல என்னடி இருக்குன்னு கேப்பேன். பேசாம இருங்கம்பா.

இப்ப வெவகாரத்துக்கு வாரேன். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, மாசிக் கடைசி. வயக்காட்டுல கிடை போட்டுக்கிட்டு இருக்கோம். கார்ல ஒருத்தரு வந்து எறங்குனாக. வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட. வைரவசுந்தரம் ஐயா. இந்தச் சுத்துப்பட்டுல அவுகளத் தெரியாத ஆளு கெடையாது. அம்புட்டு நெலம், அம்புட்டு கடை. அவுக நேரா எங்கிட்ட வந்து, "வாங்க கோனாரே, சௌக்கியமா"ன்னாக.

நீங்க சின்னப் புள்ள, ஒங்களுக்கு இது வெளங்காது. நாங்க ஊரூராப் போற சனம். கிடைக்குக் கூப்புடணும்னா காரியக்காரன அனுப்புவாக. அவன் வரப்புல நின்னுக்கிட்டு, "ஏய் ஆட்டுக்காரா, நாளைக்கு அங்கிட்டுப் போ"ம்பான். எங்கப்பன் காலத்துலயும் அதுதான், எங்காலத்துலயும் அதுதான். இந்த மனுசன் வந்து வாங்க போங்கன்னு பேசுறாக. கட்டுல எடுத்துப் போட்டேன். வேணாம்னுட்டு எங்கூடத் தரையில குந்துனாக. சேதுராக்கு ஆட்டுப்பாலுல டீ போட்டுக் குடுத்தா. வாங்கிக் குடிச்சுப்புட்டு, டம்ளரக் கீழ வச்சிட்டு, மடியில இருந்து வெத்தல பாக்கு எடுத்து எங்கையில குடுத்தாக. கிடைக்கு வெத்தல வச்சுக் கூப்புட்டாக தம்பி, என்னய. எங்கப்பன் இருந்து பாக்கலையேன்னு அந்த வெத்தலையக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

அவுக நெலம் சூரக்குண்டுல இருக்கு. பறவைகளுக்குன்னு கவருமெண்டு வச்சிருக்காகல்ல, அந்தக் கண்மாய்க்கு ஒட்டுனாப்புல. நெலம்னு சொன்னேனே ஒழிய அது காடு. சூர, கார, கிளுவ, வீர, பால, ஆவாரன்னு முள்ளும் மரமுமா அடைஞ்சு கெடக்கும், அடி எடுத்து வைக்க முடியாது. பட்டா அவுக பேருல இருந்தாலும் அந்த எல்லைக்குள்ள செடிகொடிய அழிக்கப்படாதாம், கேட்டுத்தான் செய்யணுமாம், கேட்டாலும் குடுக்க மாட்டாகளாம். இது எனக்குப் பின்னாடி தெரிஞ்ச சங்கதி. ஐயா எங்கிட்டச் சொன்னதெல்லாம், "மண்ணு செத்துக் கெடக்கு கோனாரே, ஒங்க ஆடு கொஞ்ச நாளு கெடந்தா உசுரு வரும்"னுதான்.

ராத்திரி கஞ்சி குடிக்கையில சேதுராக்கு கேட்டா, "வெள்ளாம இல்லாத காட்டுக்கு எதுக்குங்க கிடை?"

"பெரிய மனுசங்க, ஆயிரம் யோசன இருக்கும். ஒனக்கெதுக்கு?"ன்னேன்.

"அதான் எனக்கும் பயமா இருக்கு"ன்னா.

பொம்பளைக எதுக்குத்தான் பயப்படல. நான் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போயிட்டேன்.

அங்க வேலை எப்பிடின்னா, ஆட்டுக்கு எட்டுறத ஆடே திங்கும். எட்டாத கொப்பத் தொரட்டியில இழுத்து ஒடிச்சுச் சாச்சு விடுவோம். கவனிங்க, ஒடிப்போம், வெட்ட மாட்டோம். பட்டையில ஒட்டிக்கிட்டுத் தொங்கும். ஆடு தழையத் தின்னுட்டுப் போனப்பறம் அது மறுபடி துளுக்கும். எங்காளுக எங்கயும் செய்யிறது. மரத்தக் கொல்ற சாதி இல்ல நாங்க, கொன்னா அடுத்த வருசம் எதத் திங்கும் ஆடு? ஆனா ஐயா என்ன சொன்னாகன்னா, "துளுத்து வந்ததையும் விட்டுறாதீக, மறுக்கா அதே எடத்துல அடைங்க"ன்னாக. சரி, அவுக நெலம். அடைச்சேன். "வேற எங்கயும் மேச்சலுக்குப் பத்தாதீக, தண்ணி நான் தாரேன்"னாக. டேங்கருல தண்ணி வந்துச்சு தம்பி, ஆட்டுக்கு. எந்த மொதலாளி செய்வான் இதெல்லாம்? சேதுராக்கு மட்டும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டே திரிஞ்சா.

தழ தீந்துபோச்சுன்னா வெள்ளாடு என்ன செய்யும்? பட்டையக் கடிக்கும். வீர மரம், பால மரம் எல்லாம் கீழ்ப்பட்டைய உரிச்சுருச்சுக. சுத்திவர உரிச்சா மரம் நின்ன மேனிக்குக் காஞ்சுபோகும். அவ காட்டுனா, "பாருங்க, இது கிடை இல்லைங்க, கெளம்புவம்"னா. வெத்தல வாங்கிட்டு நடுவுல கெளம்புறதா? எங்க சனத்துல அப்பிடி ஒருத்தன் செஞ்சான்னு கேட்டதில்ல. வெத்தல வாங்குன கை வாங்குனதுதான். முடியிற வரைக்கும் கெடந்தாகணும்.

சாமானும் கொடாப்பும் எங்க வச்சிருந்தோம்னு கேளுங்க. கண்மாய்க்கரைக்கு அந்தப் பக்கம், பனங்கூட்டத்துக்குள்ள. ரோட்டுல போற ஆளுக்குத் தெரியாது. ஐயாதான் எடம் காட்டுனாக. எடம் காட்டிட்டு ஒண்ணு சொன்னாக. "யாராச்சும் வந்து கேட்டா, வழியில போகையில ஆடு எறங்கிருச்சுன்னு சொல்லுங்க கோனாரே. கிடை போட்டோம்னு மட்டும் வாயத் தொறந்துராதீக. அப்பறம் நான் கூப்புட்டது தெரிஞ்சுபோகும், எனக்கு மானக்கேடு." கைய நீட்டுனாக. நான் அடிச்சுக் குடுத்தேன். என் கையில அடிச்சு வாக்கு வாங்குற அளவுக்கு என்ன மதிச்சாக பாத்தீகளா.

சித்திரையில சேதுராக்கு அண்ணன் மகளுக்குச் சடங்கு. அவ கெளம்பிப் போனா. போகையில எங்கிட்டச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், "வெயிலு ஏறுது. கொடாப்பு மேல நனைச்ச சாக்கப் போட்டு வைங்க, குட்டிக தாங்காது." சரி சரி போன்னேன். அப்ப நெறைய ஈத்து. அம்புட்டுக் கொடாப்பும் நெறஞ்சு கெடந்துச்சு. கண்ணு சரியாத் தொறக்காததுகூட இருந்துச்சு.

மறுநாள் காலையில சாக்க நனைச்சுப் போட்டேன். நெசமாப் போட்டேன் தம்பி, அதுல கொறவு சொல்ல முடியாது. போட்டுட்டு ஆட்டக் காட்டுக்குள்ள விட்டு நிக்கிறேன், ஜீப்பு வந்துச்சு. பாரஸ்டு ஆளுக. ரேஞ்சரு ஒரு பொம்பளப் புள்ள. ஒங்க வயசுதான் இருக்கும். எறங்கி நின்னு சுத்திமுத்திப் பாத்துச்சு. ஒரு வீர மரத்துக்கிட்டப் போயி அந்த உரிஞ்ச எடத்துல உள்ளங்கைய வச்சு நின்னுச்சு. கீழ குனிஞ்சு கௌதாரி முட்ட ஓட்டைப் பொறுக்கிப் பாத்துச்சு. ஆடு மிதிச்சிருக்கும். நானா மிதிக்கச் சொன்னேன்?

"யாரு ஐயா ஒங்கள இங்க கூப்புட்டது?"ன்னு கேட்டுச்சு.

"யாருங் கூப்புடல தாயி. வழியில போகையில எறங்கிருச்சுக"ன்னேன்.

"இம்புட்டுப் புழுக்க கெடக்கு. ஒரு நாள் மேச்சலா இது? கிடை போட்டிருக்கீங்க."

"இல்ல தாயி."

அப்பத்தான் அது சட்டம் பேசுச்சு. "வெட்டுனாத்தான் அழிப்புன்னு நெனைக்காதீங்க ஐயா. வேரோட புடுங்குனாலும், எரிச்சாலும், மருந்து தெளிச்சாலும், பட்டைய உரிச்சாலும், மண்ணக் கொட்டி மூடுனாலும், ஆடுமாட்ட விட்டுத் திங்க வச்சாலும் எல்லாம் ஒண்ணுதான். எதால போச்சுங்கிறது பேச்சில்ல. இருந்துச்சு, இப்ப இல்ல, நீங்க செஞ்சதாலதான் இல்ல. அவ்வளவுதான் அழிப்பு"ன்னுச்சு.

"ஆட்டுக்கு வாயி இருக்கு, திங்குது. நான் ஒரு எலையக் கிள்ளல"ன்னேன்.

"ஆட்ட அடைச்சு வச்சது யாரு? யாரு சொல்லி வச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க, ஒங்கள விட்டுர்றோம்"னுச்சு. நல்லா நயமாத்தான் கேட்டுச்சு. வழியில எறங்கிருச்சுகன்னே மறுக்காவும் சொன்னேன்.

போனைப் புடுங்குறதுக்கு முன்னாடி ஐயாவுக்கு ஒரு போனு போட்டுட்டேன். ஒதுங்கி நின்னு மெதுவாச் சொன்னேன், "ஐயா புடிச்சுட்டாக. கொடாப்புல குட்டிக கெடக்கு. வீட்டுக்காரியும் ஊருக்குப் போயிருக்கா."

"ஒண்ணும் கவலப்படாதீக கோனாரே. இப்பவே ஆளு அனுப்புறேன், குட்டிகள நான் பாத்துக்கிறேன். நீங்க கிடையப் பத்தி மட்டும் பேசிராதீக"ன்னாக. அதுக்கப்பறம் எனக்கு என்ன கவல? பெரிய மனுசன் வாக்கு.

ஆட்டையெல்லாம் பத்திக்கிட்டுப் போயி ஆபீசு பின்னாடி இருக்கிற பட்டியில அடைச்சாக. என்னய வராந்தாவுல உக்கார வச்சாக. மத்தியானத்துக்கு மேல ஆடு கத்த ஆரம்பிச்சுச்சு. குட்டிக்குப் பால் குடுக்கிற நேரம் வந்துச்சுன்னா அது அப்பிடித்தான் கத்தும். பாலு மடியில கட்டிக்கிட்டு வலிக்கும்ல. பொழுது சாயச் சாயச் சத்தம் கூடிக்கிட்டே போச்சு. பட்டிக் கதவ முட்டுதுக. அந்த ரேஞ்சரம்மா எந்திரிச்சுப் போயிப் பாத்துட்டு வந்துச்சு. எனக்கு முன்னாடி நின்னு, "ஐயா, ஆட்டுக்கெல்லாம் மடி கனத்துக் கெடக்கு. பாலு தானா ஒழுகுது. குட்டிக எங்க?"ன்னுச்சு.

நான் என்ன சொல்ல முடியும், நீங்களே சொல்லுங்க. குட்டி கொடாப்புல இருக்குன்னா, கொடாப்பு எங்கன்னு கேப்பாக. பனங்கூட்டத்துலன்னா, சாமான் செட்டோட அங்க எறங்கிக் கெடந்தோம்னு தெரிஞ்சுபோகும். எறங்கிக் கெடந்தோம்னா கிடை. கிடைன்னா, யாரோ வெத்தல வச்சுக் கூப்புட்டாகன்னு அர்த்தம். ஐயா பேரு வந்துரும். கையில அடிச்சுக் குடுத்திருக்கேன்.

"குட்டி இல்ல தாயி. வித்துட்டேன்"னேன்.

அந்தம்மா என் மொகத்தையே பாத்துச்சு. பாத்துட்டுப் போயிருச்சு. ஒரு தடவதான் கேட்டுச்சு தம்பி. அம்புட்டுப் படிச்ச புள்ள, ஆட்டோட மடியப் பாத்து அம்புட்டுத் தெரிஞ்ச புள்ள, இன்னொரு தடவ கேட்டிருக்கலாம்ல? அதட்டிக் கேட்டிருக்கலாம். ரெண்டாந்தடவ கேட்டிருந்தா நான் சொல்லிருப்பேன். அது அந்தப் புள்ள மேலதான் தப்பு.

அன்னைக்கு விடல. மறுநாளும் விடல. ஆடு கத்திக் கத்தித் தொண்ட கம்மிப்போச்சு. அப்பறம் சத்தமே இல்ல. பாலு வத்திருச்சுன்னா கத்தாது. சத்தம் நின்னதும், சரி, ஐயா குட்டிகளைக் கொண்டாந்து சேத்துட்டாக போலன்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அப்பிடி ஒரு நெனப்பு. நான் பொறந்ததுல இருந்து ஆட்டுக்குள்ள கெடக்கேன், எனக்குத் தெரியாதா அந்தச் சத்தம் எதுக்கு நிக்கும்னு. ஆனாலும் அப்பிடித்தான் நெனச்சேன்.

என்னய விட்டதும் நேரா ஓடுனேன். கரை மேல ஏறுறேன், பனங்கூட்டத்துக்குள்ள சேதுராக்கு குத்தவச்சு உக்காந்திருக்கா. சடங்கு வீட்டுச் சேலையோட. எனக்கு முன்னாடியே வந்துட்டா. கொடாப்பையெல்லாம் தூக்கி ஓரமா வச்சிருந்தா. குட்டிகள வரிசையா, தூங்க வச்ச மாதிரி கெடத்தியிருந்தா. சாக்கு அப்பிடியே மொடமொடன்னு காஞ்சு கெடந்துச்சு. ஒண்ணு கூட இல்ல தம்பி. ஒண்ணு கூட மிஞ்சல. வெயிலுன்னா சித்திர வெயிலு. பாலுமில்ல, தண்ணியுமில்ல. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்திருக்குக. கொடாப்புச் செவுத்தக் கடிச்சிருக்குக. பல்லு மொளைக்காதது எதக் கடிக்கும்? சப்பியிருக்குக. நாரு ஈரமா இருந்துச்சுன்னா அவ.

ஐயா ஆளு வரலையான்னு கேட்டேன். வந்து இத மொதல்ல கேட்டேன் பாருங்க. அவ நிமுந்து பாத்தா. "எந்த ஆளு?"ன்னா. நான் எல்லாத்தையும் சொன்னேன். வாக்குக் குடுத்தது, போனு போட்டது, அந்த ரேஞ்சரம்மா மடியப் பாத்துக் கேட்டது, நான் வித்துட்டேன்னு சொன்னது. பொண்டாட்டிகிட்ட மறைக்கப்படாதுல்ல.

"அந்தப் புள்ள கேட்டுச்சா?"ன்னா.

"கேட்டுச்சு."

"கேட்டுமா நீங்க சொல்லல?"

"எப்பிடிச் சொல்றது? கிடை போட்டது தெரிஞ்சுபோகும்ல"ன்னேன்.

அவ்வளவுதான். அதுக்கப்பறம் அவ எங்கிட்டப் பேசல. அழுதிருந்தா நான் தேத்திருப்பேன். மண்ணள்ளி எறிஞ்சிருந்தாக்கூட வாங்கிருப்பேன். மம்பட்டிய எடுத்துக் குழி தோண்டுனா. நான் வாங்கப் போனேன், குடுக்கல. ஒவ்வொரு குட்டியா எடுத்துக் கழுத்துல இருந்த மணிக்கயித்த அவுத்து மடியில போட்டுக்கிட்டு, உள்ள வச்சா. அம்புட்டையும் ஒத்தையாப் பொதைச்சா. நான் பக்கத்துல நின்னேன், நிக்கிறதத் தவிர என்ன செய்ய?

ஆளு ஏன் வரலைன்னு ஐயாகிட்டக் கேட்டேன். கேக்காம விட்டுருவனா? "அனுப்புனேன் கோனாரே, டிரைவருப் பய எடம் தெரியாம திரும்பிட்டான்"னாக. இருக்கும். அந்தப் பனங்கூட்டம் வெளியாளுக்குத் தெரியுற எடமா என்ன? அவுகதான் டேங்கரோட அந்த டிரைவரத் தெனமும் அனுப்புவாக, அவனுக்கு எப்பிடி எடம் தெரியாமப் போச்சுன்னு சேதுராக்கு அண்ணன் எங்கிட்ட மல்லுக்கு நின்னான். மனுசனுக்கு மறதி வராதா? எல்லாத்தையும் தோண்டித் துருவிக்கிட்டே இருந்தா யாரோடயும் பொழைக்க முடியாது.

கேசு வழிதவறுன மேச்சல்னு சின்னதா முடிஞ்சுபோச்சு. அபராதத்தை ஐயாதான் கட்டுனாக, அத மறக்கப்படாது. பட்டியில கெடந்த ஆட்டுல பாதி மடி வீங்கி, காய்ச்சல் வந்து செத்துப் போச்சு. மீந்ததத் திருப்பிக் குடுத்தாக. அத சேதுராக்கு பத்திக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவதான். பின்னாடியே போனேன். ஊரு எல்ல வரைக்கும் போனேன். அவ திரும்பிப் பாக்கல. ஆட்டுகளுந்தான் ஒண்ணு ரெண்டு திரும்பித் திரும்பிப் பாத்துச்சு.

நான் அப்பறம் எங்க போவேன்? ஐயாதான் கூப்புட்டு வேல குடுத்தாக. அந்த நெலத்துலதான். செடி ஒண்ணு கூட இல்லாம மொட்டையாப் போச்சுல்ல, அழிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னப்பறம் யாரு என்ன கேக்கப் போறா? பட்டுப்போன மரத்த எடுத்துட்டு, நெலத்தத் தரிசுன்னு எழுதியாச்சு. இப்ப அங்க குடில் குடிலா கட்டியிருக்காக. பறவ பாக்க வர்றவுக தங்குறதுக்கு. அழகா இருக்கும், நீங்ககூட ஒருக்கா வாங்க. சுத்திக் கம்பி வேலி. உள்ள புல்லுத்தரையும் பூச்செடியும். நான் கேட்டுல உக்காந்திருப்பேன். வேல ஒண்ணும் பெருசா இல்ல. ஆடு மாடு உள்ள எறங்கிராமப் பாத்துக்கணும், அம்புட்டுத்தான்.

போன வாரம் சேதுராக்கு வந்தா தம்பி.

என்னயப் பாக்க வரல. அவ அண்ணன் ஆட்டோட எங்க ஆட்டையும் சேத்து மேய்க்கிறா. இந்த வருசம் மழை இல்லைல்ல, அந்தப் பக்கம் பச்சையே கெடையாது, கண்மாய்க்குள்ள எறக்கலாம்னு வந்திருப்பா. வேலி ஓரமா ஆடு வந்துச்சு. உள்ள பச்சையக் கண்டதும் சும்மா இருக்குமா? கம்பி எடுக்குல தலைய விட்டு இழுக்க ஆரம்பிச்சுருச்சுக. நான் வெரட்டணும். கேமரா வச்சிருக்காக, மேனேஜரு உள்ள இருந்தே பாத்துக்கிட்டிருப்பான். கம்ப எடுத்துக்கிட்டு ஓடுனேன். "தோ, ஏய், போ"ன்னு சத்தம் போட்டேன்.

அவ அண்ணன் ஆடெல்லாம் செதறி ஓடிருச்சு. எங்க ஆடு ஓடல. எஞ் சத்தம் கேட்டதும் காத வெடச்சுக்கிட்டு நின்னுச்சுக. நின்னுட்டு அம்புட்டும் ஒண்ணாக் கத்திக்கிட்டு எம் பக்கம் ஓடியாந்துச்சுக. கம்பியில மேலெல்லாம் உரசுதுக. நான் கத்தக் கத்த இன்னும் நெருங்குதுக. அந்தக் கருப்பி கம்பிக்குள்ள மொகத்த விட்டு என் வேட்டியக் கவ்வுது. நான் என்ன செய்ய? மேனேஜரு வேற வெளிய வந்து நிக்கிறான். ஒரு கல்ல எடுத்து எறிஞ்சேன். பக்கத்துல எறியணும்னுதான் எறிஞ்சேன், அதுக்கு நெத்தியில பட்டுருச்சு. அப்பயும் போகல. தலைய ஒதறிட்டு அங்கனயே நிக்குது. மறுபடியும் குனிஞ்சு கல்லெடுத்தேன்.

நிமுந்தா சேதுராக்கு நிக்கிறா. கரைய விட்டு எறங்கி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிறா. நரச்சுப் போயிட்டா. கையி நீட்டுனாத் தொடலாம். என்னயப் பாக்கல. குனிஞ்சு கருப்பி நெத்தியச் சேலையில தொடச்சுவிட்டா. தொடச்சுக்கிட்டே ஆட்டப் பாத்துச் சொன்னா, "வாங்கடி போவம். அது நம்ம ஆளு இல்ல."

அப்பறம் பத்திக்கிட்டுப் போயிட்டா. ஆடும் போயிருச்சு.

ரெண்டு வருசம் ஆச்சு தம்பி அவ கொரலக் கேட்டு. ஆட்டுகிட்டத்தான் பேசுனா, இல்லைங்கல. ஆனா ஆட்டுக்குச் சொல்றதுன்னா மனசுக்குள்ளயே சொல்லிட்டுப் பத்திக்கிட்டுப் போயிருக்கலாம்ல, எதுக்கு வாய் விட்டுச் சொல்லணும்? நான் பக்கத்துல நிக்கையில சொல்லியிருக்கான்னா, என் காதுல விழட்டும்னு நெனச்சுத்தான சொல்லிருப்பா?